தட்டில் இல்லாத நிறம் எப்படி நுழைகிறது: பிக்சல் ஓவியத்துக்கான கட்டற்ற மென்பொருள்கள்

32க்கு 32 பிக்சலில் ஒரு பூனை. உடலுக்கு இரண்டு ஆரஞ்சு, ஓரக்கோட்டுக்குக் கரும்பழுப்பு, கண்ணுக்கு வெள்ளை. மொத்தம் நான்கே நிறம். இந்தப் படத்தை ஒரு பொதுவான படத்திருத்தியில் திறந்து, சாதாரண பிரஷ்ஷால் வாலை மட்டும் கொஞ்சம் நீட்டிச் சேமித்துவிட்டு நிறங்களை எண்ணிப் பாருங்கள். நான்கு இருந்த இடத்தில் இருபது முப்பது இருக்கும். அந்த பிரஷ்ஷின் ஓரம் மழுங்கலானது. கரும்பழுப்பு பின்னணியோடு கலந்து, பாதி தெரிந்தும் பாதி தெரியாமலும் இருக்கும் பிக்சல்களை வாலைச் சுற்றி விட்டுவிட்டுப் போயிருக்கிறது. சிறிய அளவில் கண்ணில் படாது. விளையாட்டுக்குள் வைத்து நான்கு மடங்கு பெரிதாக்கும்போதுதான் வாலைச் சுற்றி அழுக்குப் படிந்தது போலத் தெரியும்.

பிக்சல் ஓவியத்துக்கு மென்பொருள் தேடுகிறவர்கள் வசதிப் பட்டியலைத்தான் முதலில் பார்க்கிறார்கள். அதற்கு முன் பார்க்க வேண்டியது மூன்று. நாம் தொடாத பிக்சல் மாறக் கூடாது. வண்ணத் தட்டில், அதாவது படத்துக்கென ஒதுக்கிய நிறங்களின் பட்டியலில், இல்லாத நிறம் பிறக்கக் கூடாது. பெரிதாக்கினால் எல்லாப் பிக்சலும் ஒரே அளவில் வளர வேண்டும். மற்றதெல்லாம் இதற்கு மேல்தான்.

பழைய கணினிகளில் இந்தக் கட்டுப்பாட்டை வன்பொருளே விதித்தது. 1985ல் அமிகா கணினிக்காக டான் சில்வா எழுதி, எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ் வெளியிட்ட டீலக்ஸ் பெயின்ட்டில் 320க்கு 200 திரையில் ஒரே நேரத்தில் 32 நிறம்தான். படத்துக்குள் நிறம் இருக்காது, எண் இருக்கும். ‘இந்தப் பிக்சல் 7ஆம் எண்’ என்பது மட்டுமே பதிவு. 7 என்றால் பச்சையா நீலமா என்பதைத் தட்டு சொல்லும். தட்டில் 7ஐ மாற்றினால் படம் முழுக்க 7 இருக்கும் இடமெல்லாம் அந்த நொடியே மாறும். இதைத்தான் இன்றும் இண்டெக்ஸ்டு முறை என்கிறோம். 16 நிறமென்றால் பிக்சலுக்கு 4 பிட் போதும். 32க்கு 32 பூனை 512 பைட்டில் அடங்கிவிடும். முழு நிற முறையில் அதே பூனைக்கு 4096 பைட் வேண்டும். இடம் மிச்சமாவது இன்று யாருக்கும் பெரிதில்லை. ஆனால் எண்ணாகச் சேமிக்கும்போது தட்டில் இல்லாத நிறத்தை உருவாக்க மென்பொருளுக்கு வழியே கிடையாது. அந்தப் பயன் அப்படியே இருக்கிறது.

இந்த மரபை மாறாமல் வைத்திருக்கும் கட்டற்ற மென்பொருள் கிராஃப்எக்ஸ்2. 1990களில் டாஸ் கணினிக்காக எழுதப்பட்டு, 2001ல் ஜிபிஎல் என்னும் கட்டற்ற உரிமத்தில் மூலநிரல் திறக்கப்பட்டது. 256 நிறத்துக்கு மேல் போகாது. திரையின் அடியில் பழைய பாணிப் பொத்தான் வரிசை. விண்டோஸ் பழக்கத்தில் போகிறவர்களுக்கு முதல் நாள் எரிச்சல்தான் வரும். விசைப்பலகைக் குறுக்குவழிகள் கைக்கு வந்தபின் அதன் வேகம் தனி: பி-யை அழுத்திப் படத்தின் ஒரு பகுதியை அப்படியே பிரஷ்ஷாகப் பிடித்துக்கொள்ளலாம், எம்-ஐ அழுத்தினால் உருப்பெருக்கி, டேப் அழுத்தினால் இரண்டாவது பக்கம். பத்து வருடப் பழைய மடிக்கணினியிலும் தடுமாறாமல் ஓடும்.

ஏஸ்பிரைட் ஏன் இந்தப் பட்டியலில் இல்லை

பிக்சல் ஓவியம் என்றதும் பலர் முதலில் சொல்லும் பெயர் ஏஸ்பிரைட். அதன் மூலநிரல் கிட்ஹப்பில் எல்லோர் கண்ணுக்கும் தெரியும்படி இருப்பதால் அதையும் கட்டற்ற மென்பொருள் என்று நினைக்கிறவர்கள் நிறைய. ஒரு காலத்தில் அப்படித்தான் இருந்தது. டேவிட் கப்பெல்லோ 2001ல் அலெக்ரோ ஸ்பிரைட் எடிட்டர் என்ற பெயரில் தொடங்கியது அது. பல ஆண்டுகள் ஜிபிஎல் இரண்டாம் பதிப்பு உரிமத்தில் வெளிவந்தது. 2016ல் உரிமம் மாறியது. இன்றைய உரிமத்தின்படி மூலநிரலைப் படிக்கலாம், உங்கள் சொந்தப் பயன்பாட்டுக்கு ஓடும் செயலியாகத் தொகுத்துக்கொள்ளலாம், திருத்தவும் செய்யலாம். தொகுத்ததை இன்னொருவருக்குக் கொடுக்கக் கூடாது. கட்டற்ற மென்பொருளின் நான்கு உரிமைகளில் பகிர்வது முக்கியமான ஒன்று. அது இல்லாததால் ஏஸ்பிரைட் மூலநிரல் தெரியும் தனியுரிம மென்பொருள்.

ஒரு பள்ளிக் கணினி ஆய்வகத்தை நினைத்துப் பாருங்கள். ஆசிரியர் ஒரு கணினியில் தொகுத்து மீதி முப்பதிலும் நகலெடுத்துப் போட முடியாது. தனியாள் தொகுப்பதிலும் சிலருக்குப் பாதி நாள் போகும். சிமேக், நிஞ்சா என்னும் தொகுப்புக் கருவிகள், ஒரு சி++ தொகுப்பி, கூடவே ஸ்கியா என்னும் வரைகலை நூலகம் வேண்டும். பெரும்பாலும் இரண்டு இடத்தில் உடையும். கிட்ஹப்பின் பொதுவான ‘ஜிப் பதிவிறக்கம்’ பொத்தானை அழுத்தினால் துணைத் தொகுதிகள் கூடவே வராது, தொகுப்பு நடுவில் நின்றுவிடும். வெளியீடுகள் பக்கத்தில் ‘சோர்ஸ்’ என்ற பெயரோடு தனியாக இருக்கும் கோப்பைத்தான் எடுக்க வேண்டும். அடுத்தது, நிறுவல் குறிப்பில் சொன்ன ஸ்கியா பதிப்புக்குப் பதில் கைக்குக் கிடைத்த வேறொன்றைப் போடுவது. காசு கொடுத்து வாங்கினால் இந்தத் தொல்லை இல்லை. நல்ல மென்பொருள், அந்த விலைக்குத் தகும். ஆனால் அது வேறு கணக்கு.

உரிமம் மாறுவதற்கு முந்தைய ஜிபிஎல் நிரலிலிருந்து கிளைத்தது லிப்ரேஸ்பிரைட். முகம் அப்படியே பழைய ஏஸ்பிரைட். பழைய காணொலிப் பாடங்களை வைத்தே கற்றுக்கொள்ளலாம். வளர்ச்சி மெதுவானது. ஏஸ்பிரைட்டில் பின்னால் சேர்ந்த டைல்மேப் அடுக்கு (சிறு சதுரப் படங்களான டைல்களைக் கோத்துப் பெரிய காட்சி அமைக்கும் அடுக்கு) போன்றவை இதில் இல்லை. புதிய ஏஸ்பிரைட்டில் டைல்மேப் வைத்துச் சேமித்த கோப்பு இதில் சரியாகத் திறக்கும் என்று நம்பி இறங்க வேண்டாம். நண்பரிடம் பிஎன்ஜி-யாக வாங்கிக்கொள்வது நல்லது.

இன்று சுறுசுறுப்பாக வளர்வது பிக்சலோராமா. ஓராமா இன்டராக்டிவ் குழு 2019ல் தொடங்கியது, எம்ஐடி உரிமம், கோடோ விளையாட்டு எஞ்சினிலேயே கட்டியது. 1.0 பதிப்பு 2024ல் வந்தது, 1.1ல் இண்டெக்ஸ்டு முறையும் டைல்மேப் அடுக்கும் சேர்ந்தன. மவுஸின் இடப் பொத்தானுக்கு ஒரு கருவி, வலப் பொத்தானுக்கு இன்னொரு கருவி என்று தனித்தனியாக வைத்துக்கொள்ளலாம். இடதில் பென்சில், வலதில் அழிப்பான் வைத்துப் பழகிவிட்டால் மற்றவற்றுக்குத் திரும்பும்போது கை தடுமாறும். கோடோவின் நான்காம் தலைமுறைக்கு மாறியதில் ஒரு பாதிப்பும் உண்டு: ஓபன்ஜிஎல் 3.3 இல்லாத மிகப் பழைய கணினிகளில் கறுப்புத் திரையோடு நிற்கும், அல்லது திறக்கவே திறக்காது. அந்தக் கணினிகளுக்கு லிப்ரேஸ்பிரைட்டோ கிராஃப்எக்ஸ்2-வோதான்.

எதையும் நிறுவ முடியாத இடத்தில் பிஸ்கெல். அபாச்சி உரிமம், உலாவியிலேயே ஓடும், குழந்தைகளுக்குச் சொல்லிக்கொடுக்கப் பத்து நிமிடம் போதும். ஆனால் ‘உலாவியில் சேமி’ என்பதை நம்பிவிடக் கூடாது. உலாவித் தரவை யாராவது அழித்தால் படமும் கூடவே போகும். ஒவ்வொரு முறையும் கோப்பாக இறக்கி வையுங்கள்.

அடிக்கடி வரும் ஒரு சந்தேகம்: ஜிபிஎல் மென்பொருளில் வரைந்தால் படமும் ஜிபிஎல் ஆகிவிடுமா? ஆகாது. மென்பொருளின் உரிமம் மென்பொருளுக்கு, படம் உங்களுடையது. உரிமத்தைக் கவனிக்க வேண்டியது மற்றவர் வரைந்ததை எடுத்துப் பயன்படுத்தும்போதுதான். 2012ல் நடந்த லிபரேட்டட் பிக்சல் கப் போட்டியிலிருந்து வந்த 32க்கு 32 டைல்கள் இன்றும் பரவலாகப் புழங்குகின்றன. அவற்றில் வரைந்தவர் பெயரைக் குறிப்பிட வேண்டும். மாற்றி வரைந்தால் அந்த மாற்றத்தையும் அதே உரிமத்தில் தர வேண்டும்.

கையில் எடுத்ததும் தவறுகிற இடங்கள்

லிப்ரேஸ்பிரைட்டில் இண்டெக்ஸ்டு முறைக்கு மாறியதும் பலரைக் குழப்புவது பூஜ்ஜியம். தட்டின் முதல் இடமான 0, இயல்பாகவே ‘ஒன்றுமில்லை’ என்பதற்கு ஒதுக்கப்பட்டது. உங்கள் தட்டில் முதல் நிறம் கறுப்பு என்று வையுங்கள். அந்தக் கறுப்பை எடுத்து ஓரக்கோடு போட்டால் கோடு விழாது. போட்ட இடம் ஓட்டையாகும். மென்பொருள் கெட்டுவிட்டது என்று நினைத்து மூடித் திறப்பார்கள். சரிசெய்வது எளிது: தட்டின் தொடக்கத்தில் ஓவியத்தில் எங்குமே வராத ஒரு நிறத்தை, உதாரணமாகக் கண்ணைக் குத்தும் மெஜந்தாவை, 0ஆக வைத்துவிட்டுக் கறுப்பை 1க்குத் தள்ளுங்கள். இதை வரையத் தொடங்கும் முன்னரே செய்துவிட வேண்டும்.

தட்டைச் சேமிக்க, கிம்ப் என்ற கட்டற்ற படத்திருத்தியின் தட்டுக் கோப்பு வடிவமே நடைமுறையில் பொது வடிவம். வெறும் எழுத்துக் கோப்பு அது. முதல் வரியில் ‘கிம்ப் பேலட்’ என்ற ஆங்கிலத் தலைப்பு, பிறகு வரிக்கு ஒரு நிறம், சிவப்பு பச்சை நீலம் என மூன்று எண்கள், ஒவ்வொன்றும் 0 முதல் 255 வரை. கிம்ப், கிரிட்டா, லிப்ரேஸ்பிரைட், பிக்சலோராமா எல்லாம் இதைப் படிக்கும். நோட்பேடில் கையால் எழுதும்போது அந்தத் தலைப்பு வரியை விட்டுவிட்டால் கிம்ப் கோப்பை ஏற்காது.

அடுத்தது ‘பிக்சல் பெர்ஃபெக்ட்’ என்ற விருப்பம். லிப்ரேஸ்பிரைட்டிலும் பிக்சலோராமாவிலும் உண்டு. மவுஸை மூலைவாட்டில் இழுக்கும்போது கை நேர்க்கோட்டில் போகாது. ஒரு பிக்சல் வலப்பக்கம், ஒரு பிக்சல் கீழே என்று படிக்கட்டாக இறங்கும். 10,10 என்ற இடத்தில் ஒரு பிக்சல், அடுத்து 11,10, அடுத்து 11,11 என்று விழுந்தால் அங்கே ஒரு முட்டி உருவாகிறது. கோடு அந்த இடத்தில் மட்டும் தடித்துத் தெரியும். இந்த விருப்பம் கடைசி மூன்று பிக்சல்களைப் பார்த்துக்கொண்டே இருக்கிறது. நடுப் பிக்சல் முந்தையதோடு ஒரே வரிசையிலும் பிந்தையதோடு ஒரே நெடுவரிசையிலும் இருந்தால், நடுவில் உள்ளதை நீக்கிவிடும். 10,10-ம் 11,11-ம் மூலையோடு மூலை தொட்டுக்கொண்டு நிற்கும், கோடு மெலிதாகும். ஒரு பிக்சல் பிரஷ்ஷுக்கு மட்டுமே இதற்கு அர்த்தம் உண்டு. கதவு, பெட்டி மாதிரி கூர்மையான மூலை வேண்டியதைக் கையால் வரையும்போது அணைத்துவிடுங்கள். நீங்கள் வேண்டுமென்றே வைத்த மூலையையும் அது முட்டி என்று நினைத்து எடுத்துவிடும்.

சுழற்றுவது இன்னொரு கண்ணி. 90, 180, 270 டிகிரியில் எதுவும் கெடாது, பிக்சல்கள் இடம் மாறுகின்றன, அவ்வளவுதான். 20 டிகிரி சுழற்றும்போது ஒரு பிக்சல் கோடு சில இடத்தில் அறுந்து, சில இடத்தில் இரட்டிக்கும். லிப்ரேஸ்பிரைட்டில் உள்ள ராட்ஸ்பிரைட் முறை படத்தை முதலில் 8 மடங்கு பெரிதாக்குகிறது. ஓரங்களைப் பார்த்து வடிவத்தை ஊகித்துப் பெரிதாக்குவதால் படிக்கட்டுகள் சாய்கோடாகின்றன. அதைச் சுழற்றிவிட்டு மறுபடி பழைய அளவுக்குச் சுருக்குகிறது. புதிய நிறம் எதுவும் சேராது. பிக்சலோராமாவில் கிளீன்எட்ஜ் உட்பட இதற்குப் பல முறைகளைத் தேர்வாகத் தருகிறார்கள். எதைப் பயன்படுத்தினாலும் கண், விரல் போன்ற ஓரிரு பிக்சல் விவரங்கள் கலைந்துதான் வரும். வாளை வீசும் அசைவுக்குச் சுழற்றியதை ஒரு வரைவாக வைத்துக்கொண்டு மேலே கையால் திருத்தி வரைவதே வழக்கம்.

கிம்ப், கிரிட்டா மட்டும் கையில் இருந்தால்

முடியும், ஆனால் ஒவ்வொரு கருவியிலும் மழுங்கலை அணைக்க வேண்டும். கிம்ப்பில் பிரஷ்ஷை விட்டுவிட்டுப் பென்சிலை எடுங்கள், அளவு 1. அழிப்பானில் ‘ஹார்ட் எட்ஜ்’ குறியிடுங்கள். தேர்வுக் கருவிகளிலும் நிரப்பும் வாளியிலும் ஆன்டிஅலியாசிங் குறியை எடுத்துவிடுங்கள். வாளியின் த்ரெஷோல்டை 0 ஆக்குங்கள், இல்லாவிட்டால் பக்கத்து ஆரஞ்சும் சேர்ந்து நிரம்பும். அளவு மாற்றும் பெட்டியிலும் சுழற்றும் கருவியிலும் இன்டர்போலேஷன், அதாவது இடைநிறங்களை ஊகித்து நிரப்புவது, ‘நன்’ (எதுவுமில்லை) ஆக இருக்க வேண்டும். கட்டம் தெரிய இமேஜ் மெனுவில் கிரிட் அளவை 1க்கு 1 ஆக்கி, வியூ மெனுவில் காட்டச் சொல்லுங்கள்.

இண்டெக்ஸ்டுக்கு மாற்றும் பெட்டியில் உங்கள் சொந்தத் தட்டைத் தேர்ந்தெடுத்து, புள்ளிகளைக் கலந்து இல்லாத நிறத்தைப் போலக் காட்டும் டிதரிங்கை ‘நன்’ ஆக்குங்கள். ‘பயன்படாத நிறங்களை நீக்கு’ என்பது முன்பே குறியிட்டிருந்தால் எடுத்துவிடுங்கள். விட்டுவைத்தால் இந்த ஃபிரேமில் இல்லாத நிறங்கள் தட்டிலிருந்து கழன்று, எண்கள் இடம் மாறி, அடுத்த ஃபிரேமோடு பொருந்தாமல் போகும். முதல் பத்தியில் கெட்டுப்போன பூனையை மீட்பதற்கும் இதே பெட்டிதான். நான்கு நிறத் தட்டைக் கொடுத்து மாற்றினால் வழிதவறிய நிறங்கள் அருகிலுள்ள நிறத்துக்கு ஒட்டிக்கொள்ளும். பாதி தெரியும் பிக்சல்கள் முழுசாகவோ இல்லாமலோ ஆகும். ஓரம் கொஞ்சம் பிசிறடிக்கும், அதைக் கையால் தட்டிச் சரிசெய்ய வேண்டும்.

கிரிட்டாவில் பிக்சல் ஓவியத்துக்கென்றே பிரஷ்கள் உண்டு. அங்கே மாட்டிவிடுவது உருமாற்றக் கருவி. வரைந்ததை நகர்த்திப் பெரிதாக்கும்போது அதன் வடிப்பானை ‘நியரஸ்ட் நெய்பர்’ ஆக்காவிட்டால் எல்லாம் மழுங்கும். அசைவுப் படத்துக்கு நேரக்கோடு வசதி நல்லது. ஆனால் 16க்கு 16 ஸ்பிரைட் (விளையாட்டில் நகரும் சிறு உருவம்) வரைய கிரிட்டாவைத் திறப்பது கடுகு தாளிக்க அண்டாவை அடுப்பில் ஏற்றுவது போல.

வெளியே அனுப்பும்போது

வரைந்த படம் நன்றாக இருந்தும் வெளியே போய்க் கெடுவது பெரும்பாலும் அளவில். 32க்கு 32 பூனையை 250 சதவீதம் பெரிதாக்கினால் 80 பிக்சல். 32 நெடுவரிசைகளில் 16 இரண்டு பிக்சல் அகலமும், மீதி 16 மூன்று பிக்சல் அகலமும் பெறும். ஒரு கண் சிறுத்து, ஒரு கண் பெருத்துப் பூனை மாறுகண்ணாக நிற்கும். 200, 300, 400 என்று முழு மடங்கில் மட்டுமே பெரிதாக்குங்கள். விளையாட்டுத் திரைக்கு 320க்கு 180ஐப் பலர் தேர்ந்தெடுப்பதும் இதனால்தான்: 4 மடங்கில் 1280க்கு 720, 6 மடங்கில் 1920க்கு 1080 சரியாக நிரம்பும். 1366க்கு 768 திரையுள்ள மடிக்கணினியில் 4 மடங்கோடு நிறுத்தி ஓரத்தில் கறுப்பு விட வேண்டும். விண்டோஸில் திரை அளவு 125 சதவீதமாக இருந்தால் படம் பார்க்கும் செயலியிலேயே பிக்சல்கள் சமமில்லாமல் தெரியலாம்; படத்தைக் குறை சொல்லும் முன் அதைப் பாருங்கள்.

ஜேபெக் கூடவே கூடாது. 8க்கு 8 கட்டமாகப் பிரித்து நிறத்தைச் சராசரியாக்கும் முறை அது. கூர்மையான ஓரம்தான் அதற்கு ஆகாதது. வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினாலும் இதே கதி, ஆவணமாக அனுப்புங்கள்.

ஜிஃப் அசைவில் ஃபிரேமுக்கு உரிய நேரம் நூறில் ஒரு நொடி என்ற அலகில்தான் பதிவாகும். நொடிக்கு 12 ஃபிரேம் என்று வைத்தால் ஒன்றுக்கு 83.3 மில்லிநொடி; ஜிஃப்பில் அது 80 ஆகிவிடும், கொஞ்சம் வேகமாக ஓடும். நொடிக்கு 60 என்பது ஜிஃப்பில் முடியவே முடியாது. நேரத்தை 0 அல்லது 1 என்று வைத்தால் பெரும்பாலான உலாவிகள் அதை 10ஆக எடுத்துக்கொள்ளும், எனவே மின்னல் வேகம் வேண்டுமென்று குறைத்தவருக்கு ஆமை வேகம் கிடைக்கும். 2க்குக் கீழே போகாதீர்கள். பாதி ஒளிபுகும் நிழலும் ஜிஃப்பில் வராது. ஒரு பிக்சல் முழுதாகத் தெரியும், அல்லது தெரியவே தெரியாது.

டைல்களைக் கோத்து வரைபடம் கட்ட டைல்ட் என்ற கட்டற்ற மென்பொருள் இருக்கிறது. அங்கே எல்லோரும் கேட்பது, விளையாட்டு ஓடும்போது டைல்களுக்கு நடுவே மின்னி மறையும் மெல்லிய கோடு எங்கிருந்து வருகிறது என்பது. கேமரா பின்ன இடத்தில் நிற்கும்போது வரைகலை அட்டை டைலின் ஓரத்துக்கு வெளியே கை நீட்டிப் பக்கத்து டைலின் நிறத்தை எடுத்துவிடுகிறது. ஒவ்வொரு டைலின் ஓரப் பிக்சலையும் சுற்றிலும் ஒரு பிக்சல் நகலெடுத்து வையுங்கள்: 16 பிக்சல் டைல் 18 பிக்சல் இடம் பிடிக்கும். டைல்ட்டில் மார்ஜின் 1, ஸ்பேசிங் 2 என்று கொடுக்க வேண்டும். கோடோ எஞ்சினில் டெக்ஸ்ச்சர் ஃபில்டரை ‘நியரஸ்ட்’ ஆக்குவதும் இதோடு சேர்ந்தது.

தமிழில் விளையாட்டு செய்கிறவர்களுக்கு இன்னொரு வேலை கூடுதலாக உண்டு. ஆங்கில எழுத்து 5க்கு 7 கட்டத்தில் அடங்கும். ‘ணை’யையோ ‘ஞூ’வையோ அதில் அடைக்கப் பார்த்தால் சுழிகளெல்லாம் ஒன்றோடொன்று ஒட்டிக் கறுப்புக் கட்டியாகிவிடும். குனு யூனிஃபான்ட் தமிழையும் 16 பிக்சல் உயரத்தில்தான் வைத்திருக்கிறது. அதைப் பார்த்து வரைந்து பழகலாம். அகலமான எழுத்துக்கு 16 பிக்சல் அகலத்தையும் ஒதுக்கிவிடுவது புத்திசாலித்தனம். வரைந்து முடித்ததும் எழுத்துகளை ஒரே படத்தில் வரிசையாக அடுக்கி, ஒவ்வொன்றாக வெட்டிக் காட்டும் எளிய முறையில் போனால் ‘கெ’ என்பது ககரத்துக்குப் பின்னால் கொம்பாக வந்து நிற்கும். ‘கொ’வில் கொம்பும் காலும் இரண்டுமே பின்னால் போய் ஒட்டும். யூனிகோடில் கொம்பு மெய்யெழுத்துக்குப் பின்னால்தான் சேமிக்கப்படுகிறது, முன்னால் கொண்டுவந்து காட்டுவது எழுத்துருவைக் கோக்கும் நிரலின் வேலை. கோடோ 4ல் அந்த வேலையை ஹார்ஃப்பஸ் நூலகம் செய்கிறது, அதற்கு ஓபன்டைப் விதிகள் உள்ள எழுத்துருக் கோப்பு வேண்டும். வெறும் படவரிசையோடு நின்றுகொள்வதென்றால் உயிர், மெய், உயிர்மெய், ஆய்தம் அத்தனையையும் தனித்தனிப் படமாகவே வரைந்து, 247 கட்டங்களுக்கு இடம் விட்டுத் தொடங்குங்கள்.